ஹெல்சிங்கி நிலக்கரியை விட்ட கதை: பத்து லட்சம் யூரோ பரிசு எதற்குப் பயன்பட்டது?

2020 பிப்ரவரியில் பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கி ஒரு போட்டியை அறிவித்தது. கேட்டது ஒரே கேள்வி: நிலக்கரி இல்லாமல், மரத்தையும் முடிந்தவரை எரிக்காமல், நகரத்து வீடுகளை எப்படிச் சூடாக வைத்திருப்பது? பரிசுத் தொகை பத்து லட்சம் யூரோ. 2025 ஏப்ரல் 1 அன்று அந்த நகரத்தின் கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பரிசுதான் நிலக்கரியை விரட்டியது என்று தோன்றும். நடந்தது அவ்வளவு நேரானதல்ல. அதனால்தான் இதை விரிவாக எழுதி வைக்கிறேன்.

கார்பனை வேகமாகக் குறைக்கும் வழிகளை உள்ளூரிலேயே சோதித்துப் பார்க்க ஐரோப்பிய நகரங்களுக்கு இப்போது பணம் கிடைக்கிறது. அந்தச் சோதனைகள் பலவற்றின் பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகும். ஹெல்சிங்கி விஷயத்தில் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் கையில் இருக்கின்றன. இதில் வரும் மனிதர்களைப் பெயரால் அல்லாமல் அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

பின்னணி: குழாயில் வரும் சூடு

குடிநீர் குழாயில் வருவதுபோல, ஹெல்சிங்கியில் சூடும் குழாயில் வருகிறது. எங்கோ ஒரு நிலையத்தில் சூடாக்கிய நீர், தெருக்களுக்கு அடியில் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் குழாய்களில் ஓடி, வீட்டுச் சுவரில் உள்ள ரேடியேட்டர்களுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிப்போய்த் திரும்புகிறது. நகரத்துக் கட்டடங்களில் சுமார் பத்துக்கு ஒன்பது இந்தக் குழாயை நம்பித்தான் இருக்கின்றன. இங்கே இது வசதி சார்ந்த விஷயமல்ல. ஜனவரியில் மைனஸ் இருபது டிகிரியில் குழாய் ஆறினால் மனிதர்கள் செத்துப்போவார்கள்.

அந்த நீரைச் சூடாக்கியதில் பாதிக்கும் மேல் நிலக்கரி. 1974-இல் கட்டப்பட்ட ஹனாசாரி நிலையமும், 1984-இல் வந்த சல்மிசாரி நிலையமும் நகரத்தின் நடுப்பகுதியை ஒட்டிய கடற்கரையிலேயே இருந்தன. ஹனாசாரியின் நிலக்கரிக் குவியல் திறந்த வெளியில், கடலுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே கறுப்பு மலைபோல் கிடந்தது. குளிர்காலத்தில் அதன் மேல் பனி விழும். சல்மிசாரியில் நிலக்கரியைப் பாறைக்குள் குடைந்த கிடங்குகளில் வைத்திருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை மோசமான நிலையங்கள் அல்ல. ஒரே எரிப்பில் மின்சாரமும் சூடும் எடுத்தன. சாதாரண அனல் மின்நிலையம் வீணாக வெளியே விடும் வெப்பத்தை இவை வீடுகளுக்கு அனுப்பின. பல பத்தாண்டுகள் இதைச் சிக்கனத்துக்கு முன்மாதிரி என்றே உலகம் பாராட்டியது. அதனால்தான் விடுவது இத்தனை கடினமாக இருந்தது என்று நினைக்கிறேன். பழுதான ஒன்றை நிறுத்தச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை நிறுத்தச் சொல்லும்போதுதான் கேள்விகள் வரும்.

இன்னொரு விஷயம், நிலையங்களை நடத்திய ஹெலன் நிறுவனம் முழுக்க நகராட்சிக்குச் சொந்தமானது. அதன் லாபம் நகரத்தின் வரவு. ஆகவே முடிவெடுக்கும் அதிகாரம், அதற்கான விலை இரண்டும் ஒரே கையில் இருந்தன.

2015 முதல் 2019 வரை: தேதி முதலில், வழி பிறகு

2015 டிசம்பரில் நகர மன்றம் ஹனாசாரியை 2024 முடிவுக்குள் மூடுவது என்று தீர்மானித்தது. நிலக்கரி போகும் இடத்தில் பெரும்பாலும் மரச்சில்லு எரிக்கும் நிலையங்கள் வரும் என்பதுதான் அன்றைய எண்ணம். 2018 டிசம்பரில் 2035-க்குள் கார்பன் சமநிலை, அதாவது நகரத்தின் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவது, என்ற செயல்திட்டம் வந்தது. 2019-இல் பின்லாந்து நாடாளுமன்றம், 2029 மே மாதத்திலிருந்து ஆற்றல் உற்பத்திக்கு நிலக்கரியைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே போட்டது.

தேதிகள் வந்துவிட்டன. ஆனால் மரச்சில்லு பற்றிய மனம் மாறிக்கொண்டிருந்தது. காட்டை வெட்டி எரித்துவிட்டுக் கணக்கில் மட்டும் கார்பன் உமிழ்வு சுழியம் என்று எழுதிக்கொள்வது சரியா என்ற கேள்வி பின்லாந்து மாதிரியான காட்டு நாட்டில் சும்மா எழுவதல்ல. மரம் அங்கே வேலைவாய்ப்பு, ஏற்றுமதி, வார இறுதி நடை, எல்லாமும்தான். நிலக்கரிக்குப் பதில் மரம் என்று போனால் அடுத்த ஐம்பது ஆண்டுக்கு இன்னொரு எரிப்பில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் நகர நிர்வாகத்தில் பலருக்கு இருந்தது. அந்தப் பயத்தின் குழந்தைதான் போட்டி.

2020: எல்லோரையும் கேட்பது என்ற முடிவு

நகரத்தின் முன் வேறு வழிகளும் இருந்தன. ஆலோசனை நிறுவனம் ஒன்றிடம் அறிக்கை வாங்கியிருக்கலாம். ஹெலனிடமே விட்டிருக்கலாம். அப்போதைய மேயர் தேர்ந்தெடுத்தது திறந்த போட்டி. உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் பதில் அனுப்பலாம். வரும் பதில்களிலிருந்து கற்றதை மற்ற நகரங்களுக்கும் திறந்து வைப்போம் என்று நகரம் முன்கூட்டியே சொன்னது.

மதிப்பிடும் அளவுகோல்கள்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வித்தியாசமான யோசனை என்பதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை. காலநிலை பலன், இயற்கை வளங்களின் மேல் விழும் பாரம், செலவு, எப்போது நடைமுறைக்கு வரும், நம்பகமாக ஓடுமா, எவ்வளவு சூடு கிடைக்கும் என்று கறாராகக் கேட்டார்கள். கொரோனா வந்து கடைசித் தேதி தள்ளிப்போனது. செப்டம்பர் முடிவில் 35 நாடுகளிலிருந்து 252 பதில்கள் சேர்ந்திருந்தன. அவற்றில் பத்து அணிகள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. அவர்களுக்கு நகரத்தின் உண்மைத் தரவுகளும் நிபுணர்களும் கொடுக்கப்பட்டு, யோசனையை மேலும் செதுக்க அவகாசம் தரப்பட்டது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நகரின் கிழக்கே வூசாரியில் ஹெலன் மரச்சில்லு எரிக்கும் 260 மெகாவாட் வெப்ப நிலையம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்திருந்தது. மரத்தை முடிந்தவரை தவிர்க்க வழி சொல்லுங்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே மரத்துக்கான அஸ்திவாரம் போடப்பட்டது. இதை யாரும் மறைக்கவில்லை. ஹனாசாரியின் வெப்பத் திறன் சுமார் 420 மெகாவாட். அதை ஒரு தேதியில் நிறுத்த வேண்டுமென்றால் அதற்கு முன்பே மாற்று நின்றிருக்க வேண்டும் என்ற நிறுவனத்தாரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் கேள்வி கேட்கிற கையும் கட்டுகிற கையும் ஒரே உடம்பில் இருந்தபடி வேறு வேறு திசையில் போனது இந்த நிகழ்வின் பெரிய பலவீனம் என்றே சொல்வேன்.

2021 மார்ச்: ஒன்றுக்குப் பதில் நான்கு

நடுவர்கள் ஒரே வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பரிசு நான்கு அணிகளுக்குப் பகிரப்பட்டது.

படங்களில் எல்லோரும் பார்த்தது ‘ஹாட் ஹார்ட்’. ஹெல்சிங்கிக்கு முன்னால் கடலில் மிதக்கும் பிரம்மாண்டமான வட்டத் தொட்டிகள். காற்றாலை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது அவற்றில் கடல்நீரைச் சூடாக்கி வைத்துக் குளிர்காலத்தில் எடுத்துக்கொள்வது. சில தொட்டிகளின் மேல் கண்ணாடிக் கூரை, உள்ளே வெப்பமண்டலக் காடு. ‘ஸ்மார்ட் சால்ட் சிட்டி’ உப்பில் வேதிமுறையில் வெப்பத்தைச் சேமிக்கச் சொன்னது. ‘ஹைவ்’ சொன்னதில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை: ஹீட் பம்ப் (நீர், காற்று போன்றவற்றில் உள்ள குறைந்த சூட்டை மின்சாரத்தால் உயர்த்தித் தரும் இயந்திரம்), மின் பாய்லர், சூரிய வெப்பத் தளங்கள், தேவையைக் கொஞ்சம் தள்ளிப்போடும் ஏற்பாடு. எல்லாம் ஏற்கெனவே சந்தையில் இருப்பவை. அவற்றை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதுதான் அவர்களின் பங்களிப்பு. நான்காவதான ‘பியாண்ட் ஃபாசில்ஸ்’ இயந்திரமே சொல்லவில்லை. தூய சூடு இவ்வளவு வேண்டும் என்று நகரம் ஏலம் விடட்டும், எந்தத் தொழில்நுட்பத்தில் யார் மலிவாகத் தருகிறார்களோ அவர்களிடம் வாங்கட்டும் என்றது.

மிதக்கும் தொட்டிகள் இன்றுவரை கட்டப்படவில்லை. நகரத்தில் பின்னால் வந்து நின்றவற்றைப் பார்த்தால் ‘ஹைவ்’ அணியின் பட்டியலுக்குத்தான் மிக அருகில் இருக்கின்றன. ஹெலன் அவர்களின் திட்டத்தைப் பார்த்துத்தான் செய்தது என்று நான் சொல்லவில்லை. அந்த இயந்திரங்கள் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு பெரிய அடுப்பை அணைத்தால் அதே அளவில் இன்னொரு பெரிய அடுப்பு வேண்டும் என்ற நினைப்பு பொதுப் பேச்சில் உடைந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள், நகரத்தின் சொந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, பல சிறு வழிகள் சேர்ந்தால் போதும் என்று காட்டினார்கள். நடுவர்களின் தேர்வும் அதையேதான் சொன்னது.

ஏற்கெனவே தரைக்கு அடியில் இருந்தவை

போட்டி பற்றிய செய்திகளில் அதிகம் வராத இரண்டு இடங்களை இங்கே காட்ட வேண்டும்.

கல்லியோ பகுதியில் ஒருவர் காலையில் வெந்நீரில் குளிக்கிறார். அந்த நீர் சாக்கடை வழியாக வீகின்மாக்கி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், சுத்தமாகி, கடலுக்குச் செல்லும் சுரங்கத்தில் இறங்குகிறது. தொட்டால் குளிராகத்தான் இருக்கும். ஆனால் வெளியே மைனஸ் பதினைந்தாக இருக்கும்போது அதுவும் ஒரு சூடுதான். கத்ரி வாலா என்ற பூங்காவுக்கு அடியில், பாறைக்குள், 2006 முதல் ஓடும் ஹீட் பம்புகள் அந்தச் சூட்டைப் பிடுங்கி, உயர்த்தி, குழாயில் ஏற்றுகின்றன. காலையில் குளித்த அதே மனிதரின் ரேடியேட்டருக்கு மாலையில் அது திரும்பி வருகிறது. கோடையில் அதே இயந்திரங்கள் கட்டடங்களைக் குளிர்விக்கின்றன. அந்த வெப்பமும் குழாய்க்குத்தான் போகிறது.

இரண்டாவது, முஸ்திக்காமா தீவு. அதன் பாறைக்குள் ஒரு காலத்தில் கனரக எண்ணெய் சேமித்த குகைகள் இருந்தன. ஹெலன் அவற்றைக் கழுவிச் சீராக்கி, சுமார் 2.6 லட்சம் கன மீட்டர் நீரை நிரப்பி, 2021-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. சூடு மிஞ்சும் நாளில் நீரைச் சூடாக்கி வைப்பார்கள். குளிர் கடுமையாகும்போது எடுப்பார்கள். கொள்ளளவு 11.6 ஜிகாவாட்-மணி. 120 மெகாவாட் வீதம் எடுத்தால் நான்கு நாள் வரும்.

நான்கு நாள்தானா என்று தோன்றும். நகரத்துக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆண்டு முழுக்கத் தேவைப்படும் சூட்டுக்கு வழி கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மிகக் கடுமையான ஒரு வாரத்தைக் கடப்பதுதான் கஷ்டம். எண்ணெய்க் குகையில் வெந்நீர் என்ற எளிய யோசனை மிதக்கும் காட்டைவிட எனக்கு அழகாகத் தெரிகிறது.

2021, 2022: விலை, வரி, போர்

2021 கோடைக்குப் பிறகு எல்லாமே வேகமெடுத்தது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம் கார்பன் சமநிலை இலக்கை 2035-இலிருந்து 2030-க்கு இழுத்தது. ஹெலன் ஹனாசாரியை 2023-இலும் சல்மிசாரியை 2024-இலும் மூடுவதாக அறிவித்தது.

இந்த வேகத்துக்குப் பரிசை மட்டும் காரணம் காட்டினால் தவறாகிவிடும். கார்பனை வெளியிடும் உரிமையை நிறுவனங்கள் வாங்கும் ஐரோப்பிய கார்பன் சந்தையில், 2020-இல் பெரும்பாலும் இருபது முப்பது யூரோவில் கிடந்த ஒரு டன் உமிழ்வுக்கான விலை 2021 முடிவில் எண்பதைத் தாண்டியது. 2023 பிப்ரவரியில் நூறைத் தொட்டது. நிலக்கரி எரிப்பது திடீரென்று பணத்தை எரிப்பதானது. இதோடு பின்லாந்து அரசு 2022-இல் நகர வெப்பக் குழாய்க்குச் சூடு தரும் ஹீட் பம்புகளுக்கும் மின் பாய்லர்களுக்கும் மின்வரியைக் குறைந்த வகைக்கு மாற்றியது. நாட்டில் காற்றாலைகள் பெருகின. ஓல்கிலுவோட்டோவின் மூன்றாவது அணு உலை 2023 ஏப்ரலில் முழு உற்பத்திக்கு வந்தது. மின்சாரம் மலிவாகக் கொட்டும் மணிநேரங்கள் அதிகமாயின. மின் பாய்லர் என்பது பெரிய கெட்டில்தான். கட்ட அதிகச் செலவில்லை, நிமிடங்களில் ஓடத் தொடங்கும், மின்சாரம் மலிவாக இருக்கும்போது மட்டும் ஓட்டலாம். பக்கத்தில் குகை நிறைய நீர் இருந்தால் அதன் மதிப்பு இன்னும் கூடும்.

அப்புறம் 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தது. ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மரச்சில்லு நின்றது. மே மாதம் குழாய் எரிவாயுவும் நின்றது. விட்டுவிடப் பார்த்த நிலக்கரியையே இன்னும் கொஞ்ச காலம் நம்ப வேண்டியிருந்தது. சல்மிசாரியின் மூடல் 2025-க்குத் தள்ளப்பட்டது. அந்த நேரத்தில் இதைப் பின்வாங்கல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. மூடுவது என்ற முடிவை மாற்றாமல் தேதியை மட்டும் ஓராண்டு நகர்த்தினார்கள். குளிரில் ஒரு முறை குழாய் ஆறியிருந்தால் மொத்தத் திட்டத்தின் மேலும் மக்களுக்கு இருந்த நம்பிக்கை போயிருக்கும்.

2023, 2025: இரண்டு மூடல்கள்

ஹனாசாரி 2023 ஏப்ரலில் நின்றது, முதலில் சொன்ன தேதிக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் முன்பாகவே. அந்த வளாகத்திலேயே மின் பாய்லர்கள் வந்தன. 2025 ஏப்ரல் 1 அன்று சல்மிசாரி. சட்டம் கொடுத்த கெடுவுக்கு இன்னும் நான்கு ஆண்டு மீதம் இருந்தது. இந்த ஒரு மூடலால் நகரத்தின் மொத்த உமிழ்வு 2024-ஐவிடச் சுமார் 30% குறையும் என்பது நிறுவனத்தின் கணக்கு.

நடுவில் ஒரு தேர்வு வந்தது. 2024 ஜனவரி 5 அன்று நாடு முழுவதும் கடும் குளிர். மின்சாரத்தின் சந்தை விலை இதுவரை காணாத உயரத்துக்குப் போனது. அப்படிப்பட்ட நாளில் மின் பாய்லரை ஓட்டுவது கட்டுப்படியாகாது. கைகொடுப்பவை குகை நீர், மரச்சில்லு, அன்றைக்கு இன்னும் உயிரோடு இருந்த நிலக்கரி. இனி நிலக்கரி இல்லை. இன்னொரு பக்கமும் உண்டு: பழைய நிலையங்கள் சூட்டோடு மின்சாரமும் கொடுத்தவை. அவை போனதில் குளிர்கால மின்சாரத்துக்கு நகரம் வெளியை இன்னும் அதிகம் நம்புகிறது.

ஐரோப்பிய அளவில் பணம் வேறு வடிவம் எடுத்தது

2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம், 2030-க்குள் கார்பன் சமநிலை அடைய முயலும் 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள 12 நகரங்களும் சேர்ந்தன. ஹெல்சிங்கியும் அதில் ஒன்று. அடுத்த ஆண்டு மார்ச்சில் ‘நெட்ஜீரோ சிட்டீஸ்’ அமைப்பு 53 நகரங்களின் சோதனைகளுக்கு 3.2 கோடி யூரோ ஒதுக்கியது. ஒரு சோதனைக்கு ஐந்து லட்சம், பத்து லட்சம் அல்லது பதினைந்து லட்சம் யூரோ. காலம் இரண்டு ஆண்டு. ஸ்பெயினின் ஏழு நகரங்கள் சேர்ந்து ஒரே சோதனையாக வந்தன. ஜெர்மனியின் ஆகன், மான்ஹைம், முன்ஸ்டர் மூன்றும் அப்படியே.

தொகையைப் பாருங்கள். ஒரு மின் பாய்லர் நிலையத்துக்குக்கூட இது போதாது. அது அதன் நோக்கமும் அல்ல. கட்டடச் சொந்தக்காரர்களை எப்படிச் சேர்ப்பது, எந்த அனுமதி எங்கே சிக்குகிறது, வங்கி எதைக் கேட்கிறது என்று பார்ப்பதற்கான பணம் அது. இத்திட்டத்தில் உள்ள நகரங்கள் உறுதிமொழி, செயல்திட்டம், முதலீட்டுத் திட்டம் மூன்றும் அடங்கிய ஓர் ஒப்பந்தமும் எழுத வேண்டும். மூன்றாவதை வைத்தது நல்ல மாற்றம். ஹெல்சிங்கி போட்டியில் இல்லாமல் போனது அதுதான்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

முதலாவதாக, கேட்பவரும் கட்டுபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். வெற்றி பெறும் யோசனைக்கு இன்ன தேதிக்குள் நிறுவனத்தின் முதலீட்டுக் குழு ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை 2020-இலேயே எழுதியிருக்கலாம். அது இல்லாததால் நான்கு அணிகளும் பரிசு வாங்கிக்கொண்டு போன பிறகு, எது ஏன் எடுக்கப்படவில்லை என்பது வெளியில் உள்ளவர்களுக்குத் தெளிவாகவில்லை. மற்ற நகரங்களுக்கு மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய பாடம் அந்தக் காரணங்களில்தான் இருந்தது.

மரம் பற்றிய கேள்வியைப் போட்டிக்கு முன்பே நகர மன்றம் தீர்த்திருக்க வேண்டும். முடிந்தவரை குறைவாக என்பதற்கு ஓர் எண் வைக்காததால், வூசாரி நிலையம் அந்தச் சொல்லுக்கு உள்ளேயா வெளியேயா என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அளவுகோல்களில் நம்பகத்தன்மை இருந்தது, சரி. அதைக் கடும் குளிரும் உச்ச மின்விலையும் சேர்ந்து வரும் ஒரு வாரம் என்ற திட்டவட்டமான சோதனையாக வைத்திருந்தால் சேமிப்பு யோசனைகளுக்கு இன்னும் எடை கூடியிருக்கும். 2024 ஜனவரி அதைக் காட்டியது.

பரிசுப் பணத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றை விரிவாக்குவதற்கு ஒதுக்கியிருக்கலாம் என்றும் நினைக்கிறேன். கத்ரி வாலாவைப் போல், முஸ்திக்காமாவைப் போல் அடுத்தது எங்கே என்று நகரத்துக்குள்ளேயே தேடும் வேலைக்கு யாரும் போட்டி வைப்பதில்லை.

எரிப்பு இன்னும் முடிந்துவிடவில்லை. 2040-க்குள் எதையுமே எரிக்காமல் சூடு தருவது என்பது ஹெலனின் அடுத்த இலக்கு. அதற்கான படிகளில் ஒன்று நகரின் வடக்கே பட்டோலாவில் திட்டமிடப்பட்ட பெரிய ஹீட் பம்ப். கடலிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ அல்ல, மைனஸ் இருபது டிகிரி வரை குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்தே 20 முதல் 33 மெகாவாட் வரை சூடு எடுக்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் தலா 50 மெகாவாட் மின் பாய்லர்கள் இரண்டு. 2026-27 குளிர்காலத்தை இலக்காக வைத்து இந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது.